வெள்ளிப் பசை

அண்ணனுக்குப் பெண் பார்த்துக் கொடுத்தவள் இவளேதான். தன் ஆய்வகத்தில் தனக்கு மூத்தவளாக இருந்தவளைக் கைகாட்டி, "இவங்க மாதிரி தேடினாலும் கிடைக்காதுண்ணா" என்று அண்ணனைக் கரைத்தாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

மூன்று வருஷம் மாரடித்து இவள் ஒரு படலம் வளர்த்திருந்தாள். நகத்தளவு படிகத் துண்டின் மேல், ஒரே ஓர் அணு கனத்தில். அதை அளக்க, ஆராய்ச்சிக்கென்றே இருக்கும் எக்ஸ்ரே நிலையத்தில் ஒன்பது மாதம் காத்திருந்து இரண்டு நாள் வாங்கினாள். துணைக்கு அண்ணி.

துண்டைத் தாங்கியில் வெள்ளிப் பசையால் ஒட்டும்போது கை தவறி, ஒரு சொட்டு விளிம்பில் வழிந்துவிட்டது. எக்ஸ்ரே கதிர் படலத்தை உரசினாற்போல் நீளமாகப் படும், விளிம்பையும் தொடும், வரைபடத்தில் வெள்ளி ஒரு மேடாகத் தெரியும். தெரியட்டும், பிறகு கழித்துக்கொள்ளலாம் என்று விட்டாள். வெட்கத்தில் அண்ணியிடம் சொல்லவில்லை.

முதல் நாள் கருவியை நேர்ப்படுத்தவே போய்விட்டது. மறுநாள் மத்தியானம் அண்ணி சொன்னாள்: "கண்ணு சொருகுது உனக்கு. போய்ப் படு, நான் பாத்துக்கறேன்."

இவள் எழுந்து வந்தபோது வாங்கின இரண்டு நாளும் முடிந்திருந்தது. "கதிர் நின்னுபோச்சும்மா. ஒண்ணும் பதிவாகல" என்று அண்ணி தட்டிக்கொடுத்தாள். இவள் அவள் தோளிலேயே சாய்ந்து அழுதாள், பைத்தியக்காரி.

ஏழு மாதம் கழித்துக் கட்டுரை வந்தது, அண்ணி பெயரில். இவள் பெயர் கடைசி வரியில் இருந்தது: மாதிரியை ஒட்ட உதவியதற்கு நன்றி. அணுக்களின் புதிய ஒழுங்கு என்று வரைபடத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தது அந்த மேட்டைத்தான்.

நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கதிர் நின்னுபோச்சுன்னீங்களே அண்ணி."

"அப்புறம் வந்துச்சு. என் வேலை நிரந்தரமாகணும்னா ஒரு கட்டுரை வேணும். நீ சின்னவ, உனக்கு இன்னும் காலம் இருக்கு. உன் பேரையும் போட்டிருக்கேன்ல?"

கூடவே இருந்து குழி பறித்தவள் குரலில் ஒரு பிசிறுகூட இல்லை.

"அந்த மேடு புது ஒழுங்கெல்லாம் இல்ல. நான் சிந்தின வெள்ளிப் பசை."

துடைத்த கை நின்றது. ஒரு மன்னிப்பு வரும் என்று இவள் இன்னமும் எதிர்பார்த்தாள். அவ்வளவு நம்பியிருந்தாள்.

அண்ணி கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"இதை வேற யாருகிட்டயாவது சொன்னியா?"