டயோடு இல்லாத பெட்டி

...இல்லை, வேறு யாராவது செய்ததாகவும் இருக்கலாம், உலகத்தில் மோட்டார் கன்ட்ரோலர் செய்கிறவன் ஒருத்தன்தானா என்று கன்னியப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார், பக்கத்து வீட்டு ராஜாம்பாள் காலையில் கொண்டுவந்து வைத்த பெட்டி, மேல்தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்த வேண்டியது, நாலு நாளாக நிறுத்தாமல் மூலக்குளம் தெருவெல்லாம் தண்ணீர்... திறந்து பார்த்தால், பத்து கே ரெசிஸ்டர் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் சின்னதாக இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. எந்தப் பைத்தியக்காரன் இப்படிப் போடுவான்? கன்னியப்பன் போடுவான். இந்தச் சர்க்யூட்டை முதன்முதலில் செய்த அன்றைக்கு வெற்றிவேல் கடையில் பத்து கே தீர்ந்துபோயிருந்தது, இருக்கிற இரண்டைச் சேர்த்து ஒப்பேற்றினார், அது அவருக்குத் தெரியும், வெற்றிவேலுக்குத் தெரியும், மூன்றாவது ஆள் யார்? பெட்டி மூடியிலேயே ஒட்டியிருக்கிறதே, வெற்றிவேல் கன்ட்ரோல்ஸ், கீழே போன் நம்பர், அதே நம்பர்.

நேரு வீதிக்குப் பின்னால் வெற்றிவேலின் அந்தச் சந்துக் கடை... பதினெட்டு வருஷம், ஞாயிறு தவறாமல், ஆலையில் எலக்ட்ரிக்கல் செக்ஷனில் இருந்தபோதும் சரி, ஆலை மூடி வீட்டு ஒயரிங்குக்குப் போனபோதும் சரி, காலை ஒன்பதரைக்கு அங்கே இருப்பார். ரேடியோவே கதியென்று கிடந்த ஆதிமூலம் வருவார், காலாப்பட்டிலிருந்து ஒரு வாத்தியார் பஸ் பிடித்து வருவார். வேலை செய்த சர்க்யூட்டைப் புதுச் சட்டைக்குள் வரும் அட்டையில் வரைந்து ஆணியில் மாட்ட வேண்டும், யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துகொள்ளலாம், எதையும் மறைக்கக் கூடாது, அது ஒன்றுதான் சட்டம். இந்தச் சர்க்யூட்டை முதலில் ஓட்டிக் காட்டிய அன்று கடை ஃப்யூஸே போனது, "மோட்டாரை நிறுத்தச் சொன்னா கடையையே நிறுத்திட்டியேய்யா கன்னியப்பா" என்று வெற்றிவேல் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்... அந்தச் சிரிப்புமா பொய்?

வருத்தம் எடுத்துக்கொண்டதற்காக இல்லை. கேட்டிருந்தால் கையிலேயே கொடுத்திருப்பார், கேட்காவிட்டாலும்தான் என்ன, அட்டையை ஆணியில் மாட்டியது அதற்குத்தானே? ஆனால் இந்த ஐசி, இதன் முதுகிலிருந்த நம்பரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறதே, இன்னொருத்தன் திறந்து பார்த்துக் கற்றுக்கொண்டுவிடக் கூடாது என்று, யாரிடமிருந்து மறைக்கிறார், என்னிடமிருந்தா... சாதாரண டைமர் ஐசி, ஐந்நூற்றைம்பத்தைந்து, தேய்த்தால் தெரியாமல் போகுமா, நான் போட்ட சர்க்யூட்டய்யா அது. செத்துக் கிடக்கிறது. ஏன் செத்தது? மோட்டாரைப் போட்டு நிறுத்தும் ரிலேவுக்குக் குறுக்கே டயோடு இல்லை. கன்னியப்பன் விட்ட தப்புதான். ரிலே நிற்கும்போதெல்லாம் டயோடு தடுக்காததால் மின்சாரம் ஓர் உதையாகத் திரும்பி வந்து ஐசியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றிருக்கிறது. அட்டை மாட்டிய அந்த வாரமே அவருக்கு அது உறைத்தது, திருத்தி வரைந்து எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு போனார், ஷட்டர் இறங்கியிருந்தது, போர்டு இல்லை, டீக்கடைக்காரர் "புதன்கிழமையே காலி பண்ணிட்டாரே சார், உங்களுக்குச் சொல்லலியா?" என்றார். ஆதிமூலத்துக்கு வெற்றிவேல் சொல்லியிருந்தார். வாத்தியாருக்கும். மூன்று வருஷமாக அதற்குக் கன்னியப்பன் தனக்குத்தானே என்னென்னவோ காரணம் சொல்லிவந்தார், மறந்திருப்பார், அவசரமாயிருக்கும், உடம்பு சரியில்லையோ என்னவோ...

"ஆச்சா அண்ணே?" ராஜாம்பாள் வேலிக்கு அந்தப்பக்கம் நின்றாள். "சிவசங்கரி வூட்டுதும் நேத்து பூட்டுச்சாம். தெரு முழுக்க இந்தப் பெட்டிதான் வாங்கி மாட்டி வச்சிருக்குது. செஞ்சவன் கையில கெடச்சா நாலு கேக்கணும்."

"கேளும்மா, கேளு," என்றார், கை பாட்டுக்குப் புது ஐசியை வைத்துப் பற்றவைத்தது, டயோடையும் வைத்தது. செஞ்சவன் யார்? இன்னும் எத்தனை வீட்டில், வில்லியனூர் வரைக்கும் இருக்குமோ... ஒரு போன் போட்டு, டயோடு போடுய்யா, ஒன்றே ஒன்று போதும் என்று சொல்லிவிடலாம். போனை எடுத்தார். திட்டத்தான் எடுத்தோமா, சொல்லத்தான் எடுத்தோமா? மனசு என்னவோ ஞாயிற்றுக்கிழமை மாதிரிப் பரபரத்தது, அதுதான் வெட்கமாக இருந்தது. நம்பரை அழுத்தினார், பச்சைப் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. கன்னியப்பன் பேசறேன்னு சொல்லணும். எந்தக் கன்னியப்பன்னு அவர் கேட்டுவிட்டால்...