பங்காளி கொண்டுவந்த சீர்

1

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதற்கெடுத்தாலும் மேளம் வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி வாங்கிக் கொடுப்பதற்கும் மேளம். தாய்மாமன் சீர் மாதிரி தாம்பாளத்தில் பழம், தேங்காய், நோட்டு, பேனா என்று அடுக்கி, 'கல்விச் சீர்' என்று பேனர் பிடித்து, தெருவெல்லாம் ஊர்வலம் போய், போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பினால்தான் தூக்கம் வருகிறது. சீர் கொண்டுபோகிறவன் பிள்ளை மட்டும் அந்தப் பள்ளியில் படிக்காது. அது காலையிலேயே வேன் ஏறி ராஜபாளையத்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கும்.

இந்தக் கதை அந்த எரிச்சலில்தான் பிறந்தது. உயர்ந்த காரணம் வேறெதுவும் இல்லை.

கதையில் வருகிற கண்ணுச்சாமியும் இதை எழுதுகிற ஆளும் ஒருவர்தான். 'நான்' என்று தொடங்கினால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசுகளுக்கு எழுதிப் பழகிய மனு மாதிரியே வருகிறது. ஆகவே 'அவர்'. ஊர் தேவதானத்துக்குப் பக்கம். பெயர் கிடையாது. சொன்னால் நாளைக்கே எவனாவது விசாரிக்க வந்து நிற்பான்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "மலையடிவாரத்தில் பொழுது புலர்ந்தபோது" — அடித்தாயிற்று. பொழுது எல்லா ஊரிலும்தான் புலர்கிறது.

அடுத்தது: "கல்வி என்பது ஒரு மனிதனை" — வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு நின்ற ஆள் இந்த வாக்கியத்தை முடித்தால் எவன் நம்புவான்?

இது நிற்கட்டும்: ஜூன் மாதம், பள்ளி திறந்த வாரம், கண்ணுச்சாமி தன் மகள் யுவராணிக்கு டி.சி. வாங்கப் போனார்.

யுவராணி ஆறாம் வகுப்பு. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. புது வாத்தியார்கள் அவரைக் கண்டால் அவளிடம், "தாத்தா வந்திருக்கார் பாரு" என்பார்கள். அவளையும் வேனில் ஏற்றிவிடுவது என்று அவர் முடிவு செய்திருந்தார். அவளுக்கு இஷ்டமில்லை. "வேன்ல ஏறுனா வாந்தி வருதுப்பா" என்று ஒரு சாக்குச் சொன்னாள்.

[சாக்கு இல்ல. நெசமாவே வரும். — யுவராணி]

(செல்போனில் இதைத் தட்டுகிறவள் அவள்தான். இப்படி நடுவில் நுழைவாள். கண்டுகொள்ள வேண்டாம்.)

3

இங்கே கண்ணுச்சாமியின் கொள்கையைச் சொல்லியாக வேண்டும். கதை கொஞ்ச நேரம் ஓரமாக நிற்கும்.

சென்னையில் இரண்டு மொழி போதும் என்கிறார்கள். டெல்லியில் மூன்று வேண்டும் என்கிறார்கள். இவர் தெருவில் பாதி வீடுகளில் தெலுங்கு பேசுகிறார்கள். அதை இரண்டு பேருமே கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு கூட்டத்தில், அரசுப் பள்ளி நம் பள்ளி என்று முழங்கியவரிடம், "உங்க பேத்தி எங்க படிக்கி?" என்று இவர் கேட்டார். மைக்கை வாங்கிவிட்டார்கள். தனியார் பள்ளி மேலும் நம்பிக்கை கிடையாது. அங்கே பிள்ளை தும்மினாலும் இங்கிலீஷில் தும்ம வேண்டும்.

அப்புறம் எதற்கு டி.சி.? எல்லாரும் அனுப்பும்போது தான் மட்டும் அனுப்பாமல் விட்டால், வளர்ந்தபிறகு அவள் "ஏம்ப்பா?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குத்தான் பயம். பிள்ளை வளர்ப்பு என்று அவர் செய்தது பாதிக்கு மேல் இந்தப் பயம்தான்.

4

தலைமையாசிரியை ஜெயபாய் டீச்சர் கையெழுத்துப் போட்டு டி.சி.யை மேசைமேல் வைக்கவும் வாசலில் மேளம் கேட்கவும் சரியாக இருந்தது. சீர் வந்தால் வீட்டு ஆள் ஒருவர் வாசலுக்குப் போய் முதல் தட்டை வாங்க வேண்டும். அது முறை. மற்றப் பெற்றோரெல்லாம் நூறு நாள் வேலைக்குக் கண்மாய்க்குப் போயிருந்தார்கள்.

"அண்ணாச்சி, நீங்கதான் எங்க வீட்டு ஆளு. வாங்க."

"நான் டி.சி. வாங்க வந்தவன், டீச்சர்."

"இன்னும் கையில வாங்கலல்லா. வாங்க."

தட்டோடு முன்னால் நின்றவன் வேல்சாமி. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவன். நெஞ்சை நிமிர்த்தி, "வாங்கிக்கிடுங்க மச்சான்" என்றான்.

கண்ணுச்சாமி கையை நீட்டவில்லை.

"ஏலே, நீ எனக்குத் தம்பி முறை. எம்மவளுக்குச் சித்தப்பன். பங்காளி எந்த ஊர்லலே தாய்மாமன் சீர் கொண்டாந்தான்?"

மேளக்காரர் கை நின்றது.

"சீரு பள்ளிக்கூடத்துக்குண்ணே. உங்க மவளுக்கா?"

"வாங்குறவன் நாந்தானலே. தாய்மாமன்னா சீரக் குடுத்துட்டு அவன் வீட்டப் பாக்கப் போயிருவான். சித்தப்பன் அப்படிப் போவ முடியாது. அவன் பிள்ளையும் இதே வீட்டுலதான் வளரணும். உம்மவன் எங்க?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வேல்சாமி தட்டை இடுப்பில் சாய்த்துக்கொண்டான்.

"எம்மவன் வேன்ல போயிட்டான். சரி, நீங்க இன்னைக்கு எதுக்குண்ணே இங்க வந்திய?"

[அப்ப எங்கப்பா மூஞ்சியப் பாத்திருக்கணும். — யுவராணி]

5

கதை இந்த இடத்தில் வெகுநாள் கிடந்தது.

ஒரு முடிவு: கண்ணுச்சாமி டி.சி.யைக் கிழித்தெறிந்தார், எல்லாரும் கைதட்டினார்கள். பொய். சர்க்கார் காகிதத்தைக் கிழிக்கிற ஆளில்லை அவர்.

வேல்சாமி மனம் திருந்தித் தன் மகனைக் கொண்டுவந்து சேர்த்தான் என்றும் எழுதிப் பார்த்தாயிற்று. அவனைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

"டி.சி.யை வாங்கிக்கொண்டு மகள் கையைப் பிடித்து" — இதை மகளே அழித்துவிட்டாள்.

நடந்தது இதுதான். யுவராணி பக்கத்தில் வந்து, "வாங்கிருங்கப்பா, சித்தப்பாவுக்குக் கை வலிக்கும்" என்றாள். வாங்கினார். பங்காளிகள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டார்கள். முந்திரிக்குக் குறைவில்லை. பிள்ளைகள் புது நோட்டை முகர்ந்து பார்த்துக்கொண்டு ஓடின. அந்த நேரம் அவருக்கு மனசு நிறைந்துதான் இருந்தது. அதை மறைப்பானேன்.

"நாளைக்கு உம்மவனக் கூட்டியா. நான் டி.சி.ய வாங்கல" என்றார்.

"நீங்க மொதல்ல வேண்டாம்னு சொல்லுங்க. பொறவு கூட்டியாரேன்."

"நீ மொதல்ல."

"நீங்க மூத்தவரு. நீங்க மொதல்ல."

6

கையெழுத்துப் போட்ட டி.சி. இன்னும் டீச்சர் மேசையில்தான் இருக்கிறது. யுவராணி இப்போதைக்கு இங்கேதான் படிக்கிறாள். வேன் தினமும் தெருமுனையில் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போகிறது.

"முடிவு எழுதலயேப்பா" என்றாள், போனைக் கையில் வைத்துக்கொண்டு.

"கதையப் படிக்கிறவிய எழுதட்டும்."

"நல்ல முடிவா எழுதுவாகப்பா."

"எழுதுவாக. மொதல்ல அவிய பிள்ள எங்க படிக்கின்னு கேளு."

சொல்லிவிட்டு, மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீர் திருப்பப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.