குரல் ஃபோல்டர்

கண்மூடித் திறப்பதற்குள் முடிய வேண்டிய வேலை அன்று முடியவில்லை. திரையில் ஃபைல்களின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருந்தன. துடைப்பம் முதலில் அலட்சியமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் பெயர். மென்பொருளை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டி எடுக்கும் பில்ட் ஸ்கிரிப்டுகளை எழுதுவது அவள் வேலை. கட்டுவதற்கு முன்னால் போன முறை விட்டுப்போன மிச்சசொச்சத்தையெல்லாம் அழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பழசும் புதுசும் கலந்து மானம் போகும் என்பது அவள் கட்சி. அடுத்தவர் கணினியில் வேண்டாத ஃபோல்டரைக் கண்டால்கூட அவளுக்குக் கை துறுதுறுக்கும். பெயர் வைத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

தொண்டையில் அறுவை சிகிச்சை செய்து குரலை இழக்கப் போகிறவர்களுக்காக அந்த நிறுவனம் ஒரு மென்பொருள் செய்தது. சிகிச்சைக்கு முன்பே அவர்களை, வெளிச்சத்தம் புகாதபடி மெத்தை பதித்த அறையில் உட்கார வைத்து, பக்கம் பக்கமாகப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொள்வார்கள். பிறகு அவர்கள் எதைத் தட்டச்சு செய்தாலும் அவர்களுடைய குரலிலேயே அது பேசும். அந்தப் பதிவுகள் எல்லாம் சர்வரில் ஒரே ஃபோல்டரில் இருந்தன. அதற்குக் குரல் ஃபோல்டர் என்று பெயர்.

பில்ட் ஓடும்போதெல்லாம் அந்தப் பதிவுகளைப் பில்ட் ஃபோல்டருக்குள் பிரதி எடுத்தாக வேண்டும். ஆமை வேகம். துடைப்பத்துக்கு அத்தனை பொறுமை ஏது? போன வாரம் பிரதி எடுப்பதை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் ஒரு லிங்க் வைத்தாள். லிங்க் வெறும் கைகாட்டி. பார்வைக்கு ஃபோல்டர் போலவே இருக்கும், திறந்தால் எங்கோ இருக்கும் அசலுக்குள் கொண்டுபோய் விடும். குரல் ஃபோல்டரை வாசிக்க மட்டும் அனுமதி தருகிறேன் என்று சர்வர்காரர் அப்போதே சொன்னார். அவள்தான் நச்சரித்து முழு அனுமதியும் வாங்கினாள். பில்ட் பறந்தது. எல்லாரும் பாராட்டினார்கள், அவளும் கொஞ்சம் தலைகால் புரியாமல்தான் இருந்தாள்.

அன்று காலை அழிக்கும் பகுதியையும் தன் கையாலேயே திருத்தி எழுதினாள். ஃபோல்டரைக் கண்டால் உள்ளே போ, இருப்பதையெல்லாம் அழி, வெளியே வந்து ஃபோல்டரையும் அழி. அவ்வளவுதான். இது அசல் ஃபோல்டரா, கைகாட்டியா என்று கேட்கும் ஒரே ஒரு வரியை எழுத மறந்துவிட்டாள். கணினி சொன்னதைச் செய்யும். சொல்லாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் அதற்கு இல்லை.

ஓடும் பெயர்களில் ஒன்றைக் கண் பிடித்தது. அது குப்பையின் பெயர் அல்ல. போன மாதம் வந்த ஒரு பள்ளி ஆசிரியையின் பதிவு. ஓட்டத்தை நிறுத்தத் துடைப்பம் விசைகளை அழுத்தினாள், விரல் தவறியது, மறுபடி அழுத்தினாள். திரை நின்றது.

சர்வரில் குரல் ஃபோல்டரைத் திறந்து பார்த்தாள். முக்கால்வாசி காலி. அண்ணனின் ஃபோல்டர் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

அவளுடைய சொந்த அண்ணன். அன்று பிற்பகல் அவனுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. மாலை மாலையாக அந்த அறைக்குக் கூட்டிவந்து, கட்டிய தொண்டையோடு அவனைப் படிக்க வைத்தது அவள்தான். கடைசிப் பதிவு முந்தைய நாள்தான் முடிந்திருந்தது. அவன் குரலைச் செய்து எடுப்பதற்காகத்தான் இந்த பில்டையே ஓட்டினாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அண்ணன் செலவில் வைப்பதை இவளிடம்தான் பார்க்க முடியும்.

பதிவுகளுக்கு இன்னொரு நகலாக பேக்கப் இருந்தது. ஆனால் அது ஒரு கண்ணாடி மாதிரி. தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சர்வரைப் பார்த்துத் தன்னை அப்படியே மாற்றிக்கொள்ளும். இங்கே இல்லாதது அங்கேயும் இல்லாமல் போகும். பக்கத்து மேசைக்காரர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

டிஸ்க் கெட்டுவிட்டது என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு எண்ணம் வந்தது. வரத்தான் செய்யும், பயந்தவள் புத்தி அப்படி. அந்த எண்ணத்தை முழுசாக நினைத்து முடிப்பதற்குள் அவள் மாடிப்படிகளில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

சர்வர்காரர் படிக்கட்டுத் திருப்பத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிடுமூஞ்சி என்று பெயரெடுத்தவர். அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், குரல் ஃபோல்டரை அழிச்சிட்டேன். என் ஸ்கிரிப்ட்தான். பேக்கப்பை நிறுத்துங்க."

அவர் எச்சில் கையோடு எழுந்து ஓடினார். சர்வர் அறையில் எந்த கேபிள் என்று பார்க்கக்கூட நிற்காமல் கொத்தாகப் பிடித்து இழுத்தார். மாடியெங்கும் வேலை நின்றுபோய், என்ன ஆச்சு என்று குரல்கள் கேட்டன. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அவர் பேக்கப்பைத் திறந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

மற்ற எல்லாருடைய பதிவுகளும் பத்திரமாக இருந்தன. ஆனால் கேபிளை இழுப்பதற்குள் பேக்கப் தொடங்கிவிட்டிருந்தது; அது கடைசியாகச் சேர்ந்த ஃபோல்டரிலிருந்துதான் தொடங்கும். கடைசியாக வந்தவன் அண்ணன். அவனுடையது மட்டும் போயிருந்தது.

டிஸ்கிலிருந்து மீட்டுப் பார்க்கிறேன், ஆனால் நம்பிக்கை வைக்காதே என்றார் அவர். இங்கே அழிந்தால் அங்கேயும் அழியும்படி பேக்கப்பை வைத்தது தன் தப்பு என்றும் சொன்னார். அவள் காதில் அது ஏறவே இல்லை. இன்னும் சற்று நேரத்தில் அண்ணனை உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். அதற்குப் பிறகு இந்த உலகத்தில் எந்தக் கணினியாலும் அந்தக் குரலைக் கொண்டுவர முடியாது.

மருத்துவமனை இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஓடினாள். வெறுங்கையோடு வந்திருக்கிறோம், படிக்கக் கொடுக்கும் தாள்களை எடுத்துவரவில்லை என்பது வாசலுக்கு வந்தபிறகுதான் உறைத்தது. அண்ணனை முதுகுப் பக்கம் முடிச்சுப் போடும் பச்சை அங்கியில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் அண்ணி அவன் செருப்புகளை ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் நர்ஸிடம் ஏதோ ஜோக் அடித்துச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். வீட்டில் இடி விழுந்தாலும் அவன் குரலில் ஒரு கீறல் விழாது. அப்பா இறந்தபோது ஊருக்கெல்லாம் ஃபோன் போட்டுச் சொன்னவன் அவன்தான்.

"அண்ணா, நீ பேசினதெல்லாம் போச்சு. நான்தான் அழிச்சேன்."

அண்ணியின் கையிலிருந்து பை நழுவியது. அண்ணன் திட்டுவான் என்று துடைப்பம் காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் தருகிறேன் என்று திரைச்சீலையை இழுத்து மூடினாள். துடைப்பம் ஃபோனை எடுத்துப் பதிவைத் தொடங்கி அவன் வாய்க்கருகில் பிடித்தாள். ஃபோன் ஆடினால் பதிவு கெட்டுவிடுமோ என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பேசுண்ணா. எது வேணாலும் பேசு."

பேச்சுக்குப் பஞ்சமில்லாதவன் வாயைத் திறந்தான், மூடினான். அறையின் ஓரத்தில் ஏதோ கருவி முனகியது.

"எனக்குப் பயமா இருக்கு," என்றான்.

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. அவன் நிறுத்தவில்லை. ராத்திரியில் தூக்கம் வருவதில்லை என்றான். பிள்ளையைக் கூப்பிட வாய் திறந்து சத்தம் வராமல் போவதாகக் கனவு வருகிறது என்றான். உள்ளே போனால் திரும்பி வருவேனா என்று தெரியவில்லை என்றான். குரல் உடைந்தது, அடைத்தது, மறுபடி வந்தது. நர்ஸ் திரையை விலக்கும்வரை பேசினான். ஃபோன் அத்தனையையும் வாங்கிக்கொண்டது.

அவன் திரும்பி வந்தான். டிஸ்கிலிருந்து ஒன்றும் மீளவில்லை. அந்த ஃபோன் பதிவை வைத்துத்தான் குரலைச் செய்ய வேண்டியிருந்தது. துடைப்பம் அந்த ஃபைலைத் தொடவே பயந்தாள். சர்வர்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டளையையும் வாய்விட்டுப் படித்த பிறகுதான் விசையை அழுத்தினாள்.

கழுத்தில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தவன் மடியில், தட்டச்சு செய்ததைப் பேசும் கருவியை வைத்தாள். அவன் அண்ணியைப் பார்த்தான். மெதுவாகத் தட்டச்சு செய்தான். பிறகு பொத்தானை அழுத்தினான்.

"பயப்படாத. நான் நல்லாத்தான் இருக்கேன்."

அது அவன் குரல்தான், சந்தேகமில்லை. ஆனால் அது அடிமுதல் நுனிவரை நடுங்கியது. இனி அவன் எதைச் சொன்னாலும் இப்படித்தான் வரும். அவனுக்கும் அது கேட்டது. முகம் வெளுத்து, கருவியை மூடப் போனான்.

அண்ணி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியுதுங்க," என்றாள். "எனக்கும்தான் பயமா இருக்கு. பேசுங்க."