பராசக்தி ரீச்சரின் சுண்ணாம்பு

உயர்தரப் பரீட்சையின் உயிரியலில் இரண்டு முறை கோட்டை விட்ட கோபிசங்கர், கனடாவிலிருந்து வந்திறங்கிய அன்றே தாயின் மூளைக்குத் தீர்ப்பு எழுதிவிட்டான். அவனுக்கு அந்த உயிரியலைப் படிப்பித்தவளும் அதே தாய்தான். சுன்னாகத்தில் பராசக்தி ரீச்சரைத் தெரியாதவர்கள் குறைவு.

"அம்மாவுக்கு மறதி நோய். இனி மாறாது," என்றான், அவள் முகத்துக்கு முன்னாலேயே.

பராசக்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மடையன், என்று மனதுக்குள் திட்டினாள். வாய்க்குத்தான் அந்தச் சொல் வரவில்லை. சில மாதங்களாகவே சொல் தொண்டை வரை வந்து காணாமல் போய்விடுகிறது. அடுப்பை அணைத்தாளா என்று தெரிவதில்லை. எலும்பெல்லாம் நோ.

எலும்பு நோவுக்கு அந்த வீட்டில் ஒரே வைத்தியம் கல்சியம். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர் ஒருவர் விடாமல் பெட்டியில் கல்சியப் போத்தல் கொண்டுவருவார்கள். கொடுக்காவிட்டால் அவர்களுக்கு மரியாதை இல்லை, விழுங்காவிட்டால் இவளுக்கு நன்றி இல்லை. மகள் கீர்த்திகாவோ தன் புத்தியை அண்ணனிடம் அடகு வைத்தவள். அவன் தொலைபேசியில் சொன்னபடி குளிசை கொடுத்தாள். நோ கூடக் கூடக் குளிசையும் கூடியது.

பக்கத்து வீட்டுக் கதிரவேலு விசாரிக்க வந்தார்.

"உடம்பு இருக்கு, ஆள் இல்லை, அண்ணை," என்றான் கோபி. "முதியோர் இல்லத்திலை இடம் எடுத்திட்டன். வெள்ளிக்கிழமை விட்டிட்டு நான் வெளிக்கிட வேணும்."

பெரிய ஞானி போலத் தலையாட்டியபடி கதிரவேலு தேத்தண்ணி குடித்தார். உள்ளே கீர்த்திகா தாயின் சேலைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். கதிரையில் உட்கார்ந்திருந்த தாயை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இவர்களை நினைக்கப் பராசக்திக்குச் சீ என்றிருந்தது. பயமாகவும் இருந்தது. இந்த மடையன் சொல்வது ஒருவேளை உண்மையாகிவிட்டால்?

வியாழக்கிழமை குளியலறையில் வழுக்கி விழுந்து அவள் மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்த இளம் டாக்குத்தர்ப் பிள்ளை கோபியைக் கூப்பிட்டாள்.

"இவவுக்குக் கல்சியம் குடுக்கிறீங்களோ?"

"ஓம். கனடாச் சாமான், நல்ல தரம்," என்றான் பெருமையாக.

"உடனை நிப்பாட்டுங்கோ. கழுத்திலை ஒரு சின்னச் சுரப்பி பழுதாப்போச்சு. அது அளவுக்கு மிஞ்சி விடுற ஹோமோன், எலும்பிலை இருக்கிற கல்சியத்தைத் தோண்டி இரத்தத்திலை கொட்டுது. காங்கேசன்துறையிலை சுண்ணாம்புக்கல் தோண்டின மாதிரி. மூளை தடுமாறுறது அதாலைதான். நீங்களும் மேலை மேலை கொட்டியிருக்கிறீங்கள்."

"எலும்புக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?" என்றான் கோபி.

பராசக்தி கண்களை மூடிக்கொண்டாள். சுரப்பிகள் பாடம் நடந்தபோதும் இவன் யன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எலும்பு சும்மா தூண் இல்லை," என்றாள் டாக்குத்தர். "அதுவும் ஹோமோன் விடும், மூளையோடை கதைக்கும்."

சுரப்பியை வெட்டி எடுத்தார்கள். சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கோபி பயணத்தைத் தள்ளிப்போட்டிருந்தான். இதற்குள் இன்னொரு கூத்து நடந்தது. இழந்த சுண்ணாம்பை எலும்பு திரும்ப உறிஞ்சுவதால், கொஞ்சக் காலத்துக்குக் கல்சியம் எடுக்கும்படி டாக்குத்தரே எழுதிக் கொடுத்தாள். கோபியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"நான் அப்பவே சொன்னனான், அண்ணை, கல்சியம்தான் மருந்தெண்டு," என்றான் கதிரவேலுவிடம். அவர் அதே தலையை அதே மாதிரி ஆட்டினார்.

அவன் நீட்டிய குளிசையைப் பராசக்தி வாங்கி விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள். கீர்த்திகாவையும் கூப்பிட்டு இருத்தினாள்.

"நீ என்ரை சீலையளை மடிச்சுப் பெட்டியிலை வைச்சாய். கதிரவேலர், நீங்கள் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு தலையாட்டினியள்." பிறகு மகனிடம் திரும்பினாள். "நீ, உடம்பு இருக்கு, ஆள் இல்லை எண்டாய்."

கோபி போத்தலை மூடத் தெரியாமல் நின்றான்.

"ஆள் உள்ளுக்கைதான் இருந்தது, மோனை. எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு."