சேற்றுக் காலத்துக்காரி

வெர்மான்ட்டில் வருஷத்துக்கு நான்கு பருவம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள். அதை நம்பி ஏப்ரலில் மலைக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறவன் நடுவழியில் நிற்பான். பனி உருகி, மண் சாலையெல்லாம் கூழாகி, சக்கரம் பாதிக்கு மேல் புதையும் சேற்றுக் காலம் என்று ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. அப்போது கோல்பி மலை ரிசார்ட்டில் பனிச்சறுக்குக்காரர்களை மேலே ஏற்றும் லிஃப்ட் ஓடாது, சாப்பாட்டுக் கடைகள் பூட்டிக் கிடக்கும், சமையல்காரர்கள்கூட ஃப்ளோரிடாவுக்குப் போயிருப்பார்கள். புத்தியுள்ள யாரும் அந்தச் சமயத்தில் அங்கே விடுமுறைக்குப் போவதில்லை. யுவெட் மட்டும் வருஷா வருஷம் போவாள். பெல்லிவோ குடும்பத்தில் சேற்றுக் காலம் அவளுடையது. அவள் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியதல்ல, தலையில் கட்டியது.

பனிச்சறுக்குச் சரிவின் அடிவாரத்தில், லிஃப்டுக்கு நேர் எதிரே, அப்பாவும் அம்மாவும் ஒரு வீடு வாங்கிப் போட்டிருந்தார்கள். இருவரும் போன பிறகு அது மூன்று பிள்ளைகளுக்கும் பொதுவானது. மூத்தவன் ரே, இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், பத்து வயது இரட்டைப் பையன்களுக்கு அப்பா. நடுவில் ஜீனின், விவாகரத்தானவள், ஒரே மகன் லூக். கடைசி யுவெட், வூஸ்டர் நகரில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். வயது ஐம்பதைத் தாண்டியும் வீட்டில் அவள் பெயர் இன்னும் ‘குட்டி’தான்.

செப்டம்பரின் முதல் திங்கட்கிழமை, தொழிலாளர் தினத்தன்று, மூவரும் அந்த வீட்டில் கூடுவார்கள். சோளக்கதிர் அவித்துத் தின்றுவிட்டு, அடுத்த கோடை வரைக்குமான காலண்டரை மேசையில் விரித்து, யாருக்கு எந்த வாரம் என்று பிரித்துக்கொள்வார்கள். அப்பா வைத்த முறை அது. முதலில் எடுக்கும் உரிமை வருஷத்துக்கு ஒருவராகச் சுழலும். முதலில் எடுப்பவர் கிறிஸ்துமஸ் வாரத்தை எடுப்பார், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. அடுத்தவருக்குப் பிப்ரவரியின் பள்ளி விடுமுறை. மூன்றாமவருக்கு மலை முழுவதும் இலை சிவக்கும் அக்டோபர். அதன்பின் கோடை வாரங்கள், கடைசியில் மிச்சம் மீதி.

முறைப்படி நடந்திருந்தால் யுவெட்டும் எல்லாப் பருவத்தையும் பார்த்திருப்பாள். ஆனால் அவளுடைய முறை வரும்போதெல்லாம் யாருக்காவது ஏதாவது வந்துவிடும். இரட்டையர் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தார்கள், அவர்களுக்கு முதல் பனி காட்ட வேண்டும். இன்னொரு முறை ஜீனினின் புருஷன் வீட்டை விட்டுப் போயிருந்தான், லூக்கின் மனசு தேற வேண்டும். சரி, அக்டோபராவது கிடைக்கும் என்றால், ரேயின் மாமனாரும் மாமியாரும் இலை பார்க்க விமானத்தில் வந்து இறங்குவார்கள். ஒவ்வொரு தடவையும் அவளிடம் ஒரே வசனம்தான்: “உனக்கென்ன குட்டி, பிள்ளையா குட்டியா? நீ எப்ப வேணா போகலாம்.” எப்போது வேண்டுமானாலும் என்பதற்கு இந்தக் குடும்பத்தில் ஏப்ரல் என்று பொருள்.

ஆஸ்பத்திரியிலும் இதே கதை. பிள்ளை குட்டிக்காரர்கள் வீட்டில் பரிசுப் பொட்டலம் பிரிக்கட்டும் என்று கிறிஸ்துமஸ் ஷிஃப்டை அவளுக்குப் போடுவார்கள். கேட்பதுகூட இல்லை. அம்மா இறந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸும் அவளுக்கு அங்கேதான், ஐஸில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வருகிறவர்களோடு.

இந்த வருஷம் முறை யுவெட்டுடையது. ஆகஸ்டிலேயே மேற்பார்வையாளரிடம் போய், கிறிஸ்துமஸ் வாரம் தனக்கு லீவு என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். யுவெட்டும் நின்று பார்த்தாள். லீவு கிடைத்தது.

திங்கட்கிழமை மத்தியானம் சோளக்கட்டைகளை வாரிக் குப்பையில் போட்டுவிட்டு, ரே காலண்டரை விரித்தான். கையில் பேனா தயாராக இருந்தது, அதுவும் டிசம்பர் பக்கத்தின் மேலேயே.

“ட்வின்ஸுக்குப் புது ஸ்கீ வாங்கியாச்சு. அதனால கிறிஸ்துமஸ் நாங்க...”

“இந்த வருஷம் முதல்ல எடுக்கறது நான்” என்றாள் யுவெட். “கிறிஸ்துமஸ் வாரம் எனக்கு.”

ரே சிரித்தான். பழைய விளையாட்டு என்று நினைத்திருப்பான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். ஜீனின் காபியைக் கீழே வைத்தாள். ரேயின் மனைவி ட்ரேசி, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், குழாயை மூடிவிட்டுத் துடைத்த கையோடு மேசைக்கு வந்தாள். முகமெல்லாம் பல்.

“அடிப்பாவி, யாரு அது? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே. ஆஸ்பத்திரில பாத்த ஆளா?”

“எது யாரு?”

“கூட வர்றவருதான். ரே, வாயைத் திறக்காத. அவளுக்குன்னு ஒருத்தர் அமைஞ்சா நாம விட்டுக்குடுக்கத்தான் வேணும்.”

இங்கே ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். டக், இதய நோய்ப் பிரிவில் நர்ஸ், மனைவியை இழந்தவர் என்று சொல்லியிருந்தால் காலண்டரை நெய் தடவி எடுத்துக் கொடுத்திருப்பார்கள். டக் என்று ஒருவர் இருக்கவும் செய்தார், ஆஸ்பத்திரி லிஃப்டில் பார்த்தால் வணக்கம் சொல்வார். பொய் யுவெட்டின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் தன் வாழ்க்கையில் இல்லாத ஒரு ஆம்பிளைக்குக் கொடுக்கத் தயாராக இருக்கிற வாரத்தை இருக்கிற தங்கைக்குக் கொடுக்க மாட்டார்களா என்று நினைத்தபோது அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

“யாரும் இல்ல. நான் மட்டுந்தான்.”

ட்ரேசியின் பல் மறைந்தது.

“தனியா வந்து என்ன பண்ணப் போற?” என்றாள் ஜீனின்.

“காலைல எழுந்து ஸ்கீ மாட்டிக்கிட்டு வாசல்லேர்ந்து நேரா லிஃப்டுக்குப் போவேன். ராத்திரி டோஸ்ட்டும் சீஸும் தின்னுட்டுத் தூங்குவேன். மறுநாளும் அதே.”

“அதை ஜனவரில பண்ணேன். கூட்டமே இருக்காது, உனக்கும் நல்லது” என்றான் ரே.

“எனக்குக் கூட்டம் வேணும். விளக்கு வேணும். வாசல்ல கிறிஸ்துமஸ் பாட்டாப் பாடிட்டுப் போவாங்களே, அது வேணும்.”

“எதுக்குன்னுதான் கேக்கறேன். ஒரு காரணம் சொல்லு குட்டி.”

“நீ என்னிக்காவது சொன்னியா?”

“எனக்குப் பிள்ளைங்க இருக்கு.”

“எனக்கு முறை இருக்கு.”

ரே இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் விற்றவன். ஒரு வாசல் அடைத்தால் அடுத்த வாசலுக்குப் போய் மணி அடிப்பான். அப்பா வைத்த முறையிலேயே இன்னொன்றும் உண்டு. மூவரில் இருவர் கை தூக்கினால் எந்த விதியையும் மாற்றலாம். இத்தனை வருஷத்தில் யாரும் அதைத் தொட்டதில்லை. தொட வேண்டிய அவசியத்தை யுவெட் கொடுத்ததில்லை, அவ்வளவுதான்.

“அப்ப ஓட்டுக்கு விடறேன்” என்றான் ரே. “பள்ளிக்கூட லீவு வர்ற வாரம் ரெண்டும், கிறிஸ்துமஸ், பிப்ரவரி, பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க இருக்கறவங்களுக்கு மட்டும். இந்த வருஷம்னு இல்ல, இனிமே எப்பவும். வருஷா வருஷம் சண்டை வேண்டாம் பாரு.” சொல்லிக்கொண்டே கையைத் தூக்கினான்.

ஜீனின் தங்கையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு அவள் கையும் மெதுவாக மேலே போனது. ரே விஷயத்தில் யுவெட்டுக்கு ஆச்சரியமில்லை. ஆனால் ஜீனினின் புருஷன் விட்டுப் போன அந்த மாசம் முழுக்க, வேலை முடிந்து நேராக அவள் வீட்டுக்குப் போய், சமைத்து, லூக்குக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் யுவெட்.

கை முழுசாக மேலே போவதற்குள் ஜீனினுக்கு என்னவோ தட்டியது. “லூக் வர்ற ஜூன்ல பள்ளிக்கூடம் முடிக்கறான்” என்றாள். “அப்புறம் காலேஜ். காலேஜும் இதுல சேர்த்திதானே?”

இந்த இடத்தில் ரே ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் பாலிசியில் சந்து பொந்து விடாத மனுஷன். பழக்கம் வாயை முந்திக்கொண்டது.

“பள்ளிக்கூடம்னா பள்ளிக்கூடம். பன்னெண்டாம் வகுப்பு வரைக்கும். காலேஜ் பசங்களுக்குத்தான் ஒரு மாசம் லீவு விடறாங்களே, அவங்க எப்ப வேணா வரலாம்.”

எப்போது வேண்டுமானாலும். அந்த வார்த்தை எந்த மாதத்தில் கொண்டுபோய் விடும் என்று ஜீனினுக்குத் தெரியாதா என்ன? எத்தனை தடவை அவளே சொல்லியிருக்கிறாள்.

“அடுத்த வருஷம் முதல்ல எடுக்கறது நான் ரே.”

“அதுக்கு?”

“அதுக்கா? என் முறை வர்றப்ப என் புள்ளை காலேஜ்ல இருப்பான். ரெண்டு வாரமும் உனக்கு. எனக்கு ஏப்ரல். உன் வீட்டு இரட்டைங்க பன்னெண்டாவது முடிக்கற வரைக்கும் நானும் இவளும் சேத்துல உக்காந்திருக்கணும். அப்படித்தானே?”

“ஏ, நான் அப்படி யோசிக்கவே இல்ல...”

“நானும்தான் யோசிக்கல” என்று கையைக் கீழே இறக்கி, இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். ரேயின் கை மட்டும் கொஞ்ச நேரம் தனியாக மேலே நின்றது. பிறகு அதுவும் இறங்கித் தலையைச் சொறிந்தது.

யுவெட்டுக்குச் சந்தோஷம்தான். கூடவே கசந்தது. அதை உள்ளே வைத்துக்கொள்ளவும் அவளுக்கு மனமில்லை. “எனக்காகக் கையை இறக்கலன்னு தெரியும் ஜீனின்” என்றாள். ஜீனின் ஆறிப்போன காபியை இழுத்து ஒரு வாய் குடித்தாள்.

தோற்ற மனுஷன் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். ரே அப்படிப்பட்டவன் இல்லை. அன்பானவன், அதுதான் தொல்லை. எழுந்து வந்து தங்கையின் தோளில் கை வைத்தான். குரல் குழைந்திருந்தது.

“சரி குட்டி. நீயே எடுத்துக்க. ஆனா ஒண்ணு. நாங்களும் வர்றோம், எல்லாரும். ட்வின்ஸ் ஹால்ல படுத்துக்குவானுங்க. ட்ரேசி மத்ததெல்லாம் பாத்துக்குவா. அம்மா செய்ற மாதிரி மாவுக்குள்ள பன்றி இறைச்சி வச்சு பை சுடுவோம். பகல்ல நாங்க ஒரு ரவுண்டு மலைக்குப் போயிட்டு வர்ற நேரம் நீ பசங்களோட ஜாலியா...”

“இல்ல ரே. நான் கூப்பிடலியே.”

தோளில் இருந்த கை அப்படியே நின்றது. ட்ரேசி, “அய்யோ, குடும்பம்தானே யுவெட்” என்றாள்.

“குடும்பம்தான். என் வாரம். நான் கூப்பிடல.”

ரேயின் கண் நிஜமாகவே கலங்கிவிட்டது. நடிப்பு இல்லை. “கிறிஸ்துமஸ் அன்னிக்கு நீ இங்க தனியா இருக்கேன்னு தெரிஞ்சா, அங்க எங்களுக்கு எப்படிடி தூக்கம் வரும்?”

யுவெட் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

“அம்மா போனதுலேர்ந்து எல்லா கிறிஸ்துமஸுக்கும் நான் தனியாத்தான் இருந்தேன். நல்லாத்தானே தூங்கினீங்க.”

ரே தோளிலிருந்து கையை எடுத்தான். வெளியே பையன்கள் புல்லில் பந்து எறிந்து கத்திக்கொண்டிருந்தார்கள். யுவெட் பேனாவை எடுத்து, டிசம்பர் கடைசி வாரத்துக்குக் குறுக்கே தன் பெயரை எழுதினாள். எழுதி முடித்ததும் காலண்டரைத் திருப்பி மேசையின் மறுபக்கம் தள்ளினாள்.

“அடுத்தது நீ, ஜீனின்” என்றாள். “எந்த வாரம் வேணும் உனக்கு?”