இடுப்பில் அரிசி மூட்டை

இதில் எவ்வளவு நான் கண்ணால் கண்டது, எவ்வளவு பிறகு நானே இட்டு நிரப்பிக்கொண்டது என்று எனக்கு நிச்சயமில்லை. அடையாற்றில் வெள்ளம் வந்தது எழுபத்தாறில் என்கிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய வருஷமாகத் தோன்றுகிறது. ரிவால்வரைப் பற்றி மட்டும் சந்தேகமில்லை. அதன் பிடியில் ஒரு பக்கம் மரம் பெயர்ந்திருந்தது.

என் அக்கா ஜெயபாரதி அப்போது ஆற்றை ஒட்டிய வீட்டில் கைக்குழந்தை செழியனோடு தனியாக இருந்தாள். அத்தான் ஜவஹர் ராணுவத்தில். வருஷத்துக்கு ஒருமுறைதான் லீவு. பக்கத்துத் தெருவில் பட்டப்பகலில் திருடர்கள் புகுந்து, வீட்டிலிருந்த பெண்ணின் மண்டையை உடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த வருஷ லீவில் அத்தான் அலைந்து திரிந்து அக்கா பெயருக்கு ரிவால்வர் லைசென்ஸ் வாங்கினார். சுடவும் சொல்லிக்கொடுத்தார். முதலில் இரண்டு கையாலும். அதைச் சீக்கிரமே நிறுத்திவிட்டார்.

“ரெண்டு கையும் உனக்கு எப்ப காலியா இருக்கு? இவன்தான் இடுப்பை விட்டு இறங்குறதே இல்லையே.”

அதனால் ஒற்றைக் கைப் பழக்கம். குழந்தையை வைத்துக்கொண்டு பழக அக்கா சம்மதிக்கவில்லை. செழியனின் எடைக்கு ஒரு துணிப்பையில் அரிசியைக் கட்டி, அதை இடது இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். அத்தான் திரும்பிப் போன பிறகும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் திருவல்லிக்கேணி மேன்ஷனிலிருந்து வந்ததும், குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுக் கூடத்தில் பழகுவாள். அலமாரி மேல்தட்டிலிருந்து ரிவால்வரை எடுப்பாள், காலண்டரைக் குறிவைப்பாள், விசையை இழுப்பாள். தோட்டா இருக்காது. ஆரம்பத்தில் கை தாழ்ந்தது. பிறகு தாழவில்லை. நான் படித்துக்கொண்டிருப்பேன். விசையின் சத்தம் மட்டும் கேட்கும். அது எங்களுக்குப் பிடித்திருந்தது.

“நெஜமாவே சுட்டுருவியாக்கா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“நீ பக்கத்தைத் திருப்பு. அரை மணியா அதையே பாத்துட்டிருக்கே.”

மழை விடாத ஒரு ஞாயிறு. கரண்ட் இல்லை. பகலிலேயே வீடு இருண்டிருந்தது. கொல்லைக் கதவை யாரோ வெளியிலிருந்து உலுக்கினார்கள். அக்கா “யாரு?” என்றாள். மழையில் பதில் கேட்கவில்லை. உலுக்கல் பலமானது. செழியன் அவள் இடுப்பில் இருந்தான். நான் எழுவதற்குள் ரிவால்வர் அவள் கைக்கு வந்துவிட்டது. மழை தொடங்கியதிலிருந்தே அதில் தோட்டா போட்டு வைத்திருந்தாள்.

கதவை நெருங்கும்போது முழங்கையை மடித்து, ரிவால்வரை மார்பருகே கொண்டுவந்தாள். அத்தான் சொல்லிக்கொடுத்தபடிதான். செழியன் இரண்டு கையாலும் குழலைப் பிடித்து வாய்க்கு இழுத்தான்.

“விடுடா கண்ணா,” என்றாள் மிக மெதுவாக.

அவன் விளையாட்டென்று நினைத்து இன்னும் இழுத்தான். இழுக்க இழுக்க விசை அவள் விரலில் அழுந்தியது, விரலை வெளியே எடுக்க முடியவில்லை. இடது கையை எடுத்தால் குழந்தை விழும். நான் அசைந்தால் அவன் என்னைப் பார்த்து எம்புவான் என்று நின்ற இடத்திலேயே நின்றேன்.

கதவுக்குப் பக்கத்து ஜன்னலில் இரண்டு முகங்கள் தெரிந்தன. ஆற்றோரக் குடிசையிலிருந்த முருகையனும் அவன் மனைவி முத்தம்மாவும்.

“யம்மா, சுட்டுடாதம்மா. ஊட்டுக்குள்ள தண்ணி பூந்துட்ச்சி, அதான்...” என்றான் முருகையன்.

“நீ சும்மா இருய்யா. கொயந்த இன்னா பண்ணிக்கினு கீது பாரு,” என்றாள் முத்தம்மா. ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டுக் கண்ணாடி வளையல்களைக் குலுக்கினாள். “டேய் நைனா, இங்க பாரு. இத்த வேணுமா? வா, வந்து புடி.”

செழியன் பார்த்தான். ஒரு கையை விட்டான். வளையல்கள் மறுபடி குலுங்கின. மற்ற கையையும் விட்டு ஜன்னல் பக்கம் தாவினான்.

அக்கா குழந்தையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் ரிவால்வரை வாங்கித் தோட்டாக்களை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

“தண்ணிக்கு பயந்து வந்தா நீ துப்பாக்கி காட்றியேம்மா. எத்துக்குன்னு பயப்புட்றது? ஒண்ணு ஒண்ணா காட்டு,” என்று முத்தம்மா தலைமுடியைப் பிழிந்தாள்.

அக்கா சிரிக்கவில்லை. நெடுநேரம் கழித்து என்னிடம், “மூட்டைக்குக் கை இல்லையே தம்பி. அதை நான் நினைக்கவே இல்லை,” என்றாள்.

வெள்ளம் வடியும்வரை அவர்கள் எங்கள் கூடத்தில் இருந்தார்கள். வடிந்ததும் அக்கா ரிவால்வரைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டாள். அத்தான் கடிதத்தில் கோபித்துக்கொண்டார், பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. ஓய்வு பெற்று வந்து சில வருஷங்களில் இறந்தார். ஆற்றோரக் குடிசைகளை அகற்றியபோது முருகையனுக்கும் முத்தம்மாவுக்கும் நகரத்துக்கு வெளியே இடம் கொடுத்தார்கள். முருகையன் அங்கே காய்ச்சலில் போனான். முத்தம்மா மகளோடு இருக்கிறாள். செழியன் சேலத்தில் பல் மருத்துவன். அக்கா அவனோடு இருக்கிறாள். நான் மயிலாப்பூரில் ஓர் அறையில் இருக்கிறேன்.