பக்கத்துக் கட்டத்தில் போய் நின்ற சூறாவளி

இன்னும் இரண்டே பந்தயம் பாக்கி இருக்கும்போது டிரைவரை மாற்றுகிற புத்தி எவனுக்காவது வருமா? வந்தது. அக்காவின் தங்கை வீட்டுக்காரருக்கு வந்தது. கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஷெட்டுக்குள் வந்தவர், "அக்கா, டிரைவரை மாத்திட்டேன்" என்றார், ஏதோ ஜன்னல் திரையை மாற்றிய மாதிரி.

ஷெட்டில் அவளுக்கு அக்கா என்றுதான் பேர். கார் பந்தய அணியின் முதலாளியான டயர் வியாபாரிக்கு மூத்த மகள். பந்தயம் நடக்கும்போது ஹெட்செட் மாட்டிக்கொண்டு டிரைவரோடு ரேடியோவில் பேசுவது அவள் வேலை. எங்கே அழுத்த வேண்டும், எங்கே அடக்கி வாசிக்க வேண்டும், பெட்ரோலுக்கும் டயருக்கும் எப்போது உள்ளே வர வேண்டும், எல்லாம் அவள் குரல்தான். அந்த வட்டாரத்தில் அவள் குரலுக்கு ஒரு மரியாதை இருந்தது. அவளிடம் இருந்த சொத்து அது ஒன்றுதான்.

வருஷ ஆரம்பத்திலேயே அப்பா சொல்லியிருந்தார்: "அஞ்சாவது இடத்துக்குள்ள முடிச்சா, அடுத்த வருஷத்துலேருந்து டீம் உன் கையில. இல்லேன்னா ஷெட்டை வித்துடுவேன். நீ வந்து டயர் கடைக் கல்லாவுல உட்காரு." முதல் ஐந்து அணிகளுக்குத்தான் மறு வருஷம் இடம் நிச்சயம். ஆறாவதாக வந்தவன் ஒவ்வொரு வாசலாகப் போய்ப் பல்லைக் காட்ட வேண்டியதுதான். இப்போது இவர்கள் ஐந்தாவது. பக்கத்து ஷெட்காரர்கள் ஆறாவது, கொஞ்சம் புள்ளிதான் வித்தியாசம்.

ஐந்தாவது வரைக்கும் கொண்டுவந்த டிரைவருக்கு ஆமை என்று பேர். பேர் வைத்த புண்ணியவான் தங்கை வீட்டுக்காரரான அந்த மாப்பிள்ளைதான். ஆமை ஒரு நாளும் கோப்பை வாங்கியதில்லை. ஆனால் எடுத்த வண்டியை எடுத்த மாதிரியே கொண்டுவந்து நிறுத்துவார். ஏழாவது, ஒன்பதாவது, எப்போதாவது ஆறாவது என்று போகிற இடமெல்லாம் நாலு புள்ளி பொறுக்கி வருவார். ரேடியோவில் எதைச் சொன்னாலும் "சரிங்க அக்கா" என்பதோடு சரி. "குண்டுச்சட்டிக்குள்ள குதிரை ஓட்டுறார். டிவியில நம்ம வண்டி தெரியவே மாட்டேங்குது" என்பது மாப்பிள்ளையின் குறை. அவருக்கு டிவியில் தெரிய வேண்டும். அதற்குத்தானே அவர் பிறவி எடுத்தது.

"யாரைப் பிடிச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"சூறாவளி!"

சூறாவளி பக்கத்து ஷெட்டில் வண்டி வண்டியாக உடைத்தவன். பொறுத்துப் பார்த்து, முடியாமல், போன வாரம்தான் அவர்கள் பெரிய கும்பிடாகப் போட்டு அனுப்பியிருந்தார்கள். அடுத்தவன் தலைமுழுகியதை இந்த மனுஷன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். சூறாவளி என்பது ரசிகர்கள் வைத்த பேர். கரையைக் கடந்ததாக மட்டும் ஒரு நாளும் செய்தி வந்ததில்லை.

"ஆமைகிட்ட நீங்களே சொல்லிடுங்க அக்கா. உங்களுக்குத்தான் அவரோட நல்ல பழக்கம்" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை கிளம்பினார். நல்ல செய்தி என்றால் அவர் வாயால் வரும், கெட்ட செய்திக்கு அடுத்தவர் வாய் வேண்டும்.

அக்கா வீட்டுக்குப் போய் அப்பாவோடு சண்டை போட்டாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"மாப்பிள்ளை ஆசைப்படுறார்மா. வீட்டுக்கு வந்த மனுஷன், ஒரு வார்த்தை கேட்டா இல்லைன்னு சொல்ல முடியுமா?"

"அவர் வந்து எத்தனை வருஷம் ஆச்சுப்பா? இன்னும் வந்த மனுஷன்தானா?"

"உன் தங்கச்சி அழுவா."

"நான் அழுதா பரவாயில்லையா?"

"நீ அழ மாட்டியே" என்றார் அப்பா, ஏதோ பாராட்டுகிற மாதிரி. கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஆமையிடம் அவளே சொன்னாள். "சீட்டை எடுத்துக்கலாமா அக்கா? அது எனக்குத்தான் பொருந்தும்" என்று மட்டும் அவர் கேட்டார். பந்தய வண்டிச் சீட்டு டிரைவரின் உடம்புக்கு என்று வார்ப்பது. நுரைக் கரைசல் ஊற்றிய பையின் மேல் டிரைவர் அசையாமல் உட்கார வேண்டும், அவன் முதுகின் வடிவத்திலேயே அது இறுகும். ஆமை தன் முதுகைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்து போவதைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை.

சூறாவளிக்குச் சீட்டு வார்த்த கூத்தை என்னவென்று சொல்ல. அசையாமல் இரு என்று மெக்கானிக் கெஞ்சுகிறான், இவன் போனை எடுத்து ரசிகர்களுக்கு முகத்தைக் காட்டுகிறான். இந்தப் பக்கம் திரும்பி ஒரு படம், அந்தப் பக்கம் சாய்ந்து ஒரு படம். சீட்டு கோணலாக இறுகிப்போனது. மறுநாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "உங்க ஷெட்ல எதுவுமே நேரா இல்லையே" என்றான். மாப்பிள்ளை அதற்கும் சிரித்து வைத்தார்.

கடைசிக்கு முந்தின பந்தயத்தில் அவன் முதல் சுற்றைக்கூட முடிக்கவில்லை. ஊதித் தள்ளுகிறேன் பார் என்று கிளம்பியவன் இரண்டாவது வளைவில் தடுப்புச் சுவரில் போய்ச் சொருகினான். அக்கா ரேடியோவில் "பொறுமை, பொறுமை" என்று கத்தினாள். "என்கிட்ட அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க" என்பதுதான் மோதுவதற்கு முன் அவன் உதிர்த்த முத்து. புள்ளி பூஜ்யம். பக்கத்து ஷெட்டுக்காகத் தற்காலிகமாக ஓட்டியவனும் சொதப்பினான், அதனால் தலை தப்பியது. ஆனால் அவர்கள் சும்மா இருப்பார்களா? கடைசிப் பந்தயத்துக்கு ஆமையைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அவர் சீட்டைக் கையோடு கொண்டுபோயிருந்தார், வேலை சுலபமாகப் போயிற்று.

"நம்ம குப்பையை அவங்க எடுத்துக்கிட்டாங்க" என்று மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். அவர்கள் குப்பை யார் வீட்டில் இருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

பயிற்சி நாளில் அக்கா ஒன்றைக் கவனித்தாள். வண்டிகள் உள்ளே வந்து டயர் மாற்றுகிற பாதையில் ஒவ்வொரு அணிக்கும் தரையில் ஒரு கட்டம் வரைந்திருக்கும். நுழைந்ததும் வருகிற மஞ்சள் கட்டம் இவர்களுடையது, அதைத் தாண்டினால் பக்கத்து ஷெட்காரர்களின் பச்சைக் கட்டம். சூறாவளி உள்ளே வருகிற ஒவ்வொரு தடவையும் அவன் கை தானாகப் பச்சைக்குத்தான் போனது. பழைய இடத்துப் பழக்கம். "முதல் கட்டம், மஞ்சள், மஞ்சள்" என்று அவள் காதுக்குள் ஓதிக்கொண்டே இருந்ததால் ஒழுங்காக வந்து நின்றான்.

பந்தய நாள் காலையில் மாப்பிள்ளை வந்து கையை நீட்டினார்.

"ஹெட்செட்டைக் குடுங்க அக்கா. இன்னிக்கு நான் பேசுறேன். பொறுமைன்னு சொன்னா அவருக்கு மூடு போயிடுதாம்."

டிரைவரோடு பேசுகிற ஹெட்செட் ஒன்றே ஒன்றுதான். அக்கா அப்பாவைப் பார்த்தாள். அவர் ஷெட்டின் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"சரி. ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க மாப்பிள்ளை. அவர் உள்ள நுழையும்போது நம்ம கட்டத்தைச் சொல்லிக்கிட்டே இருக்கணும். விட்டா பக்கத்துக் கட்டத்துல போய் நின்னுடுவார்."

"அவர் சூறாவளி அக்கா. நர்சரிக் குழந்தை இல்ல."

பந்தயம் தொடங்கியது. அன்றைக்கு என்னமோ அந்த ஆசாமி எதிலும் மோதவில்லை. பாதிக்கு மேல் போனதும் மற்ற வண்டிகளெல்லாம் ஒவ்வொன்றாகப் பெட்ரோலுக்கு உள்ளே போய் வந்தன. இன்னும் போகாமல் சுற்றிக்கொண்டிருந்தவை இரண்டு. டயரைத் தேய்க்காமல், பெட்ரோலைக் குடிக்காமல் ஓட்டுகிற ஆமை எப்போதுமே கடைசியாகத்தான் வருவார். இன்னொன்று இவர்கள் வண்டி. மற்றவர்கள் நின்று வந்ததால் திரையில் சூறாவளியின் பேர் முதலிடத்தில் ஏறியது.

மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. "பாருங்க மாமா, ஃபர்ஸ்ட்!" என்று அப்பாவின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். அப்பாவும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"அது பொய் முதலிடம். உள்ள கூப்பிடுங்க, பெட்ரோல் தீரப்போகுது" என்றாள் அக்கா.

"இன்னும் ஒரு சுற்று. டிவியில நல்லாத் தெரியட்டும்."

ஒரு சுற்று இன்னொரு சுற்றாயிற்று. வருஷம் பூராவும் ஆமை அரைப் புள்ளி, ஒரு புள்ளியாகச் சேர்த்த ஐந்தாவது இடத்தை இந்த மனுஷன் திரையில் ஒரு பேரைப் பார்ப்பதற்காகக் கரைக்கிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் மெக்கானிக்கும் சேர்ந்து கத்திய பிறகுதான் "உள்ள வாங்க சார்" என்று ரேடியோவில் சொன்னார். அந்த நேரம் பார்த்து, முதலிடத்து அணி என்று டிவிக்காரன் ஒருத்தன் மைக்கோடு வந்து நின்றான். மாப்பிள்ளை ஹெட்செட்டைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, தலையைக் கோதியபடி பேட்டி கொடுக்கத் திரும்பினார்.

"எல்லாம் ஒரு தைரியமான முடிவுதாங்க..."

"மாப்பிள்ளை, கட்டத்தைச் சொல்லுங்க. வண்டி நுழையுது" என்று அக்கா அவர் முதுகைத் தட்டினாள். அவர் பின்னால் கையை நீட்டி, ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினார்.

மஞ்சள் கட்டத்தில் புது டயர்களோடு இவர்கள் ஆட்கள் மண்டியிட்டுக் காத்திருந்தார்கள். வண்டி அவர்களைத் தாண்டிப் போயிற்று. போய், பச்சைக் கட்டத்தில், கோடு பிசகாமல், அவ்வளவு கச்சிதமாக நின்றது. அந்தச் சீசன் முழுக்க அவன் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

பச்சைக்காரர்கள் ஆமைக்காகத் தயாராக இருந்தார்கள். சக்கரம் மாற்றுகிறவனுக்குச் சக்கரம்தான் தெரியும், வண்டியின் நிறமெல்லாம் கண்ணில் படாது. ஒருத்தன் பழக்கத்தில் முன்சக்கரத்தைக் கழற்றியே விட்டான். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்து, திருதிருவென்று முழித்தான். பின்னாலேயே வந்த ஆமை தன் கட்டத்தில் இன்னொருத்தன் நிற்பதைப் பார்த்து, ஹாரன்கூட இல்லாத வண்டியில், அமைதியாகக் காத்திருந்தார்.

அந்தப் பாதையில் வண்டியைப் பின்னால் எடுக்கக் கூடாது என்பது விதி. கழற்றிய சக்கரத்தைத் திரும்ப மாட்டி, பச்சைக்காரர்கள் கெட்ட வார்த்தையோடு வழியனுப்பினார்கள். பெட்ரோலும் கிடைக்கவில்லை, டயரும் கிடைக்கவில்லை. சூறாவளி இன்னொரு சுற்று போய்த்தான் வர வேண்டும். தொட்டியில் அதற்கு ஏது பெட்ரோல்? எதிர்ப்பக்கத்து வளைவில் வண்டி விக்கி விக்கி நின்றுபோனது.

"பெட்ரோல் இல்ல... யாராவது இருக்கீங்களா?" என்று மாப்பிள்ளையின் கழுத்திலிருந்து ரேடியோ கீச்சிட்டது. அவர் இன்னும் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆமை ஏழாவதாக முடித்தார். பக்கத்து ஷெட் ஐந்தாவது இடம். இவர்கள் ஆறாவது.

ஷெட்டின் பின்னறையில் அப்பா டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். அக்கா போய் நின்றாள். வாய்விட்டு அழலாம் போல இருந்தது. நீ அழ மாட்டியே என்று இவர் மறுபடியும் பாராட்டுவாரோ என்று நினைத்ததும் அந்த எண்ணமும் போய்விட்டது.

"சரி விடு, நடந்தது நடந்து போச்சு" என்றார் அப்பா. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெளிய டிவிக்காரங்க நிக்கிறாங்க. ரேடியோவுல யாருன்னு கேப்பாங்க. நீதான் இருந்தேன்னு சொல்லிடும்மா."

"நானா?"

"நீ எப்படியும் கடைக்கு வரப்போறவ. உனக்கு இதுல என்ன இருக்கு? மாப்பிள்ளை நாலு இடத்துக்குப் போகணும், வரணும். பேர் கெட்டா உன் தங்கச்சிக்குத்தானே கஷ்டம்."

அவளுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது கோபம்கூட வரவில்லை. டீம் போயிற்று, ஷெட் போயிற்று. மிச்சம் இருந்தது அவள் குரலுக்கு இருந்த மரியாதை ஒன்றுதான். இதைச் சொன்னால் இனி எந்த ஷெட்காரனும் அவளைக் கிட்டே சேர்க்க மாட்டான். அது இவருக்குத் தெரியாதா? தெரியும். டயர் விற்கிறவருக்கு எது தேய்ந்தது, எது தேயவில்லை என்று தெரியாமலா இருக்கும். தெரிந்துதான் கேட்கிறார். இந்த மனுஷன் பாராட்ட வேண்டும் என்றா இத்தனை வருஷம் உழைத்தோம் என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

திரும்பி வெளியே போனாள். அப்பா நிம்மதியாகப் பின்னாலேயே வந்தார்.

"இன்னிக்கு ரேடியோவுல யார் பேசினது மேடம்?" என்று கேட்டான் டிவிக்காரன்.

"நான் இல்ல. எங்க வீட்டு மாப்பிள்ளை. வண்டி உள்ள வந்தப்போ ஹெட்செட் அவர் காதுல இல்ல, கழுத்துல இருந்துச்சு. உங்களுக்குப் பேட்டி குடுத்துக்கிட்டிருந்தார். உங்ககிட்டயே படம் இருக்குமே, பாருங்க" என்றாள். "டிரைவரை மாத்தினதும் அவர்தான். அவர் கேட்டதையெல்லாம் குடுத்தது எங்கப்பா. இதோ நிக்கிறாரே, இவர்."

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.

டிவிக்காரன் போனதும் எங்கிருந்தோ மாப்பிள்ளை ஓடி வந்தார்.

"அக்கா, என்னைப் பத்திப் பேசினீங்களாமே. எப்பப் போடுறாங்கன்னு கேட்டீங்களா?"

"கேக்கல."

"அடடா, கேட்டிருக்கலாமே" என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தலையைக் கோதியபடி, டிவிக்காரன் போன திசையில் அவர் விறுவிறுவென்று நடந்தார்.

"கூப்பிடும்மா அவரை" என்றார் அப்பா. "போய் இன்னும் என்னத்தையாவது உளறப்போறார். கூப்பிடு."

"நீங்க வெச்ச ஆளுதானேப்பா" என்றாள் அக்கா. "நீங்களே கூப்பிடுங்க."